இன்னும் ரத்தாகாத தீர்ப்பு

1950 பிப்ரவரி 20ஆம் தேதி லண்டனில், குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், ஒரு தூக்குத் தண்டனைக் கைதியின் அப்பீல் விசாரணைக்கு வந்தது. கைதியின் பெயர் திமோத்தி ஜான் எவான்ஸ். வயது 25, வேன் டிரைவர், வேல்ஸின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். தன் 13 மாதக் குழந்தை ஜெரால்டினைக் கழுத்தை நெரித்துக் கொன்றார் என்று ஜூரிகள் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி பெரிலும் அதே வாரத்தில், அதே வீட்டில், அதே விதமாகக் கொல்லப்பட்டிருந்தார். அப்பீலைக் கேட்டவர்கள் மூன்று பேர்: தலைமை நீதிபதி கோடார்டு, நீதிபதி செல்லர்ஸ், நீதிபதி ஹம்ஃப்ரீஸ். கீழ்க்கோர்ட்டில் அரசுத் தரப்புக்கு வாதாடிய வக்கீல் கிறிஸ்மஸ் ஹம்ஃப்ரீஸ், இந்த நீதிபதி ஹம்ஃப்ரீஸின் மகன். மகன் ஜெயித்த வழக்கின் அப்பீலைத் தகப்பன் கேட்டார். அப்பீல் தள்ளுபடியானது. மார்ச் 9ஆம் தேதி காலை பென்டன்வில் சிறையில் எவான்ஸைத் தூக்கிலிட்டார்கள். ஜூரிகள் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் 55 நாட்கள்.

இன்று அதே லண்டனில், கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் அப்பீலுக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டால், அந்த மனுவை ஒரு நீதிபதி எடுத்துப் படிக்கவே அவ்வளவு நாள் ஆகிவிடும். அந்த நீதிபதி மறுத்தால் மூன்று பேர் அமர்விடம் மறுபடி கேட்கலாம். அங்கேயும் மறுத்தால், பல ஆண்டுகள் கழித்து ஒரு புதுத் தடயம் கிடைத்தாலும் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைதி உயிரோடு இருக்கிறார். இந்த மாற்றங்களில் பலவற்றுக்கு எவான்ஸ் வழக்கும் ஒரு காரணம். ஆனால் எவான்ஸின் தண்டனைத் தீர்ப்பு மட்டும் 1950இல் எழுதியது எழுதியபடியே இன்றும் ஏட்டில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். 10, ரில்லிங்டன் பிளேஸ். மேற்கு லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. பக்கத்தில் தொழிற்சாலைச் சுவர், புகைபோக்கி. மூன்று தளங்கள், தளத்துக்கு ஒரு குடித்தனம். 1948 ஈஸ்டர் சமயத்தில் எவான்ஸும் பெரிலும் மாடியில் குடியேறினார்கள். அந்த அக்டோபரில் ஜெரால்டின் பிறந்தாள். நடுத்தளத்தில் பார்வை மங்கிய ஒரு முதியவர். சம்பவம் நடந்த சமயத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கீழ்த்தளத்தில் ஜான் கிறிஸ்டியும் அவர் மனைவி எத்தலும். கொல்லைப்புறத்தில் எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. அதை ஒட்டித் துணி துவைக்கும் அறை ஒன்று: ஒரு தொட்டி, ஒரு குழாய், யாரும் உபயோகிக்காத பழைய செப்புக் கொப்பரை. ஓர் ஆள் உள்ளே போய்த் திரும்பி வரலாம், அவ்வளவுதான் இடம்.

மாடியில் சண்டை நடந்தால் கீழே கேட்கும். எவான்ஸுக்கும் பெரிலுக்கும் சண்டை அடிக்கடி நடந்தது. தவணைக்கு வாங்கிய சாமான், கட்டாத பாக்கி, எவான்ஸின் குடி, எவான்ஸின் பொய். 1949 கடைசியில் பெரில் மறுபடி கர்ப்பமானார். அவருக்கு வயது 20. இன்னொரு குழந்தையை வளர்க்க வசதி இல்லை, கருவைக் கலைத்துவிட வேண்டும் என்றார். அன்றைய பிரிட்டனில் கருக்கலைப்பு குற்றம். அதற்கு வழிவிட்ட சட்டம் வந்தது 1967இல். சட்டம் கதவைச் சாத்தியபோது பெரில் போன்ற பெண்களுக்கு அக்கம்பக்கத்தில் 'எனக்குக் கொஞ்சம் வைத்தியம் தெரியும்' என்று சொல்கிறவர்களே கதி. கீழ்த்தளத்துக் கிறிஸ்டி அப்படித்தான் சொன்னார் என்று எவான்ஸ் பிற்பாடு போலீஸிடம் கூறினார்.

நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகு பெரிலை யாரும் பார்க்கவில்லை. எவான்ஸ் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு வேல்ஸில் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 30 அன்று தானாகவே மெர்தர் டிட்வில் காவல் நிலையத்துக்குள் போனார். கருவைக் கலைக்க மனைவிக்கு ஒரு மருந்து கொடுத்தேன், இறந்துவிட்டாள், உடலை வீட்டு வாசல் சாக்கடைக்குள் போட்டேன் என்றார். லண்டன் போலீஸ் போய்ப் பார்த்தது. அந்தச் சாக்கடை மூடியைத் தூக்க மூன்று ஆள் தேவைப்பட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பக் கேட்டபோது எவான்ஸ் பேச்சை மாற்றினார்: கருக்கலைப்பு செய்தது கிறிஸ்டி, அதில்தான் பெரில் இறந்தாள், உடலைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கிறிஸ்டி சொன்னார், குழந்தையை ஒரு தம்பதியிடம் வளர்க்கக் கொடுப்பதாகவும் சொன்னார்.

டிசம்பர் 2. போலீஸார் துணி துவைக்கும் அறையைத் திறந்தார்கள். தொட்டிக்கு அடியில், சாய்த்து வைத்திருந்த பலகைகளுக்குப் பின்னால், துணியில் சுற்றிக் கயிறு கட்டிய பொதியாகப் பெரில். கதவுக்குப் பின்னால் ஜெரால்டின். குழந்தையின் கழுத்தில் ஒரு டை முடிச்சுப் போட்டபடி இருந்தது.

எவான்ஸை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டிங் ஹில் காவல் நிலையத்தில் மனைவியின் துணிகளையும் குழந்தையின் துணிகளையும் அந்த டையையும் எதிரில் வைத்தார்கள். மகள் இறந்த செய்தி தனக்கு அப்போதுதான் தெரியும் என்று எவான்ஸ் கோர்ட்டில் சொன்னார். அன்று இரவு இரண்டு கொலையையும் தானே செய்ததாக வாக்குமூலம் கொடுத்தார். சின்ன வயதில் காலில் காசநோய்ப் புண் வந்து வருஷக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாதவர் அவர். எழுதப் படிக்கச் சரியாக வராது. கூட வக்கீல் இல்லை. உள்ளே என்ன கேட்டார்கள், எந்த விவரத்தை யார் முதலில் சொன்னார்கள் என்பதற்குப் போலீஸ் எழுதியதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இங்கே நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1872 சட்டத்தை எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர். ஆக, 1949 டிசம்பரில் சென்னையில் ஒருவர் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது, லண்டனில் செல்லும். தூக்குத் தண்டனைக்கும் அப்படியே. இங்கே செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தாக வேண்டும். கைதி அப்பீல் போடாவிட்டாலும் சாட்சியம் முழுவதையும் அவர்கள் புதிதாக எடைபோட வேண்டும். அங்கே அந்த ஏற்பாடு இல்லை. இந்தியக் காவல் நிலையங்களில் அந்தக் காப்பு எவ்வளவு தூரம் நின்றது என்பதை நாம் அறிவோம். அதைச் சொல்லி நான் மார்தட்டவில்லை. ஆனால் காலனி மக்களுக்குத் தேவை என்று எழுதிய காப்பைத் தங்கள் சொந்த ஊர் ஏழைக்கு அவர்கள் வைக்கவில்லை என்பது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

இங்கிலாந்தில் அது மாறியது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால். 1986இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்துக்குப் பிறகு காவல் நிலைய விசாரணை ஒலிப்பதிவாகிறது. கைதானவருக்கு இலவசமாக வக்கீல் வருகிறார். மனவளர்ச்சியோ புரிதலோ குறைந்தவர் என்று தோன்றினால் கூட உட்கார ஒரு பொறுப்பான பெரியவரைப் போலீஸ் அழைத்தாக வேண்டும். அன்று நாட்டிங் ஹில்லில் இந்த மூன்றில் ஒன்று இருந்திருந்தாலும் வழக்கு வேறு திசையில் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

வழக்கு 1950 ஜனவரி 11ஆம் தேதி ஓல்ட் பெய்லியில் தொடங்கியது. இரண்டு கொலைக்கும் குற்றம் சாட்டியிருந்தார்கள்; விசாரணை ஒரு கொலைக்கு மட்டும். ஒரு கொலைக் குற்றச்சாட்டோடு இன்னொன்றைச் சேர்த்து விசாரிப்பதில்லை என்பது அன்றைய நடைமுறை. அரசுத் தரப்பு குழந்தையின் கொலையை எடுத்துக்கொண்டது. மனைவி என்றால் 'சண்டையில் ஆத்திரப்பட்டுச் செய்துவிட்டார்' என்று வாதாட இடம் உண்டு. 13 மாதக் குழந்தை விஷயத்தில் அதற்கு வழியே இல்லை. விசாரணை குழந்தைக்கு மட்டும் என்றாலும் மனைவியின் சாவு பற்றிய சாட்சியம் முழுவதையும் ஜூரிகள் கேட்டார்கள். எவான்ஸின் வக்கீல் மால்கம் மாரிஸ் இதை ஆட்சேபித்தார். நீதிபதி லூயிஸ் ஏற்கவில்லை. இன்றைக்கு இரண்டு கொலையையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புக் கேட்பார்கள்.

அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, கீழ்த்தளத்துக் கிறிஸ்டி. மெல்லிய குரல், முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கிய உடம்பு, இரண்டாம் போரின்போது தற்காலிகக் காவலராக வேலை. பழைய திருட்டு, அடிதடித் தண்டனைகள் அவருக்கு உண்டு. மாரிஸ் அதைக் கூண்டிலேயே கேட்டார். ஆனாலும் ஜூரிகள் முன் நின்ற இரண்டு பேரில் நம்பத் தகுந்தவராகத் தெரிந்தது இவர்தான். எதிரில் நின்றவர் மூன்று தடவை மூன்று விதமாகப் பேசியவர்.

அந்த நவம்பரில் வீட்டில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் தினமும் அந்தத் துணி துவைக்கும் அறையைத்தான் உபயோகித்தார்கள். எவான்ஸின் வாக்குமூலப்படி உடல்கள் உள்ளே கிடந்திருக்க வேண்டிய நாட்களில் அவர்கள் அங்கே எதையும் பார்க்கவில்லை. முதலில் போலீஸிடம் அப்படித்தான் சொன்னார்கள். போலீஸ் திரும்பக் கூப்பிட்டு விசாரித்த பிறகு அவர்கள் சொன்னது மாறியது. முதலில் சொன்னது எவான்ஸின் வக்கீலுக்குப் போகவில்லை. ஜூரிகள் அதைக் கேட்கவே இல்லை. இன்றைய சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய எந்தத் தாளும் போலீஸ் கையில் இருந்தால் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டது பிற்பாடு தெரியவந்தால் அப்பீலில் தண்டனை ரத்தாக அதுவே போதிய காரணம் ஆகலாம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் ரத்தான பெரிய வழக்குகளை எடுத்துப் பாருங்கள். மறைத்த தாள் ஒன்றாவது அவற்றில் பலவற்றில் இருக்கும்.

வேலையாட்களின் பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கொல்லைத் தோட்டத்தில் கொடிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்து ஒரு மனிதத் தொடை எலும்பு நின்றது. 1943இலும் 1944இலும் கிறிஸ்டி கொன்று புதைத்த இரண்டு பெண்கள் அந்த மண்ணுக்குள் இருந்தார்கள். போலீஸார் அந்தத் தோட்டத்தில் நடந்தார்கள். எலும்பை யாரும் கவனிக்கவில்லை. மனைவியும் குழந்தையும் செத்துக் கிடக்கிறார்கள், கணவன் ஒப்புக்கொண்டுவிட்டான், அதற்கு மேல் எதற்குத் தேடுவது என்ற நினைப்பு. குடும்பத்துக்குள் நடக்கும் கொலையில் முதல் சந்தேகம் கணவன் மேல் விழுவது இயல்பு; பல வழக்குகளில் அது சரியாகவும் இருக்கும். அந்தச் சந்தேகம் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எலும்பைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஜூரிகள் 40 நிமிடம் உள்ளே போய் வந்து குற்றவாளி என்றார்கள்.

இனி அப்பீலுக்கு வருவோம். இங்கிலாந்தில் குற்ற வழக்குக்கு ஒழுங்கான மேல்முறையீடு என்பதே 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை ஜூரி சொன்னால் சொன்னதுதான். மிஞ்சினால் உள்துறை அமைச்சரிடம் கருணை கேட்கலாம். 1889இல் லிவர்பூலில் ஃபுளோரன்ஸ் மேப்ரிக் என்ற பெண்ணுக்கு, கணவனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகத் தூக்கு விதித்தார்கள். சாட்சியம் ஆட்டம் கண்டது, ஊர் கொதித்தது, ஆனால் முறையிட ஒரு மேல்கோர்ட் இல்லை. தூக்கை ஆயுள் தண்டனையாக்கி 1904 வரை சிறையில் வைத்திருந்தார்கள். அந்த வழக்கின் நீதிபதி வேறு யாருமில்லை, நமக்குச் சாட்சியச் சட்டம் எழுதிய அதே ஸ்டீபன். குற்றமற்றவர் என்று தெரிந்த ஒருவருக்கு மன்னிப்பு வழங்கி விடுவிப்பது மிகவும் கோணலான முறை என்று அவர் தம் புத்தகத்தில் குறை சொல்லியும் இருக்கிறார். மேப்ரிக் வழக்கும், ஆளைத் தவறாக அடையாளம் காட்டியதால் இரண்டு முறை தண்டனை பெற்ற அடால்ஃப் பெக் என்பவரின் வழக்கும் சேர்ந்துதான் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கொண்டுவந்தன.

வந்த மன்றம் எப்படி வேலை செய்தது என்பதை எவான்ஸ் வழக்கில் பார்க்கலாம். அப்பீல் போட அன்று பத்து நாள்தான் அவகாசம். மன்றம் வழக்கமாகச் சாட்சிகளைத் திரும்ப விசாரிக்காது. 'இவர் செய்தாரா' என்று கேட்காது. 'விசாரணை சட்டப்படி நடந்ததா' என்றுதான் கேட்கும். மனைவியின் கொலை பற்றிய சாட்சியத்தை ஜூரிகள் முன் வைத்தது தவறு என்பதுதான் அன்று நடந்த முக்கிய வாதம். இரண்டு சாவும் பின்னிப் பிணைந்தவை, வைத்தது சரியே என்றது மன்றம். சட்டப் புள்ளியாகப் பார்த்தால் அதில் பெரிய பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைய நீதிபதிகளும் அப்படியே சொல்லக்கூடும். பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. கோடார்டு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. தம் முன் வைத்த கேள்விக்கு விடை சொன்னார். வைக்க வேண்டிய கேள்வியை யாரும் வைக்கவில்லை. வைப்பதற்கு வேண்டிய தகவல் போலீஸ் கட்டில் கிடந்தது, தோட்டத்து மண்ணில் கிடந்தது. அது வெளியே வர அவகாசம் வேண்டும். தள்ளுபடிக்கும் தூக்குக்கும் நடுவே 17 நாள்தான் இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து அது வெளியே வந்தது. 1953 மார்ச் 24 அன்று, ஜமைக்காவிலிருந்து வந்து அந்த வீட்டில் குடியிருந்த ஒருவர் சமையலறைச் சுவரில் ரேடியோவுக்குத் தாங்கி அடிக்க இடம் தேடினார். தட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. சுவர்த்தாளைக் கிழித்தார். உள்ளே மூன்று பெண்களின் உடல்கள். முன் அறைத் தரைப் பலகைக்கு அடியில் எத்தல் கிறிஸ்டி. தோட்டத்தில் அந்த இரண்டு எலும்புக்கூடுகள். கிறிஸ்டி பிடிபட்டார். பெரிலைக் கொன்றதை ஒப்புக்கொண்டார். குழந்தையை மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலை 15 அன்று அதே பென்டன்வில்லில் அவரையும் தூக்கிலிட்டார்கள். எவான்ஸுக்குக் கயிறு போட்ட ஆல்பர்ட் பியர்பாயின்ட்தான் இவருக்கும் போட்டார்.

தவறு நடந்துவிட்டது என்று அரசு உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிறிஸ்டியின் தூக்குக்கு முன் அவசர அவசரமாக ஸ்காட் ஹெண்டர்சன் என்ற மூத்த வழக்கறிஞரை வைத்து மூடிய அறையில் ஒரு விசாரணை நடந்தது. சில நாட்களில் அறிக்கை வந்தது: இரண்டு கொலையையும் எவான்ஸ்தான் செய்தார். ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் அறியாமல், கழுத்தை நெரிக்கிற கொலைகாரர்கள் இரண்டு பேர் குடியிருந்தார்கள் என்று நாடு நம்ப வேண்டியிருந்தது. 1950இல் கருணை மனுவை நிராகரித்த உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், பிற்பாடு நாடாளுமன்றத்திலேயே எழுந்து தம் முடிவு தவறு என்று தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்தவர்களில் அந்த மனத்துணிவு வந்தது அவருக்குத்தான். 1961இல் இந்த வழக்கைப் பற்றி லூடோவிக் கென்னடி எழுதிய புத்தகம் வந்தது. 1965இல் நீதிபதி பிராபின் தலைமையில் இரண்டாம் விசாரணை. அவருடைய முடிவு இன்னும் விசித்திரம்: எவான்ஸ் குழந்தையைக் கொன்றிருக்க வாய்ப்புக் குறைவு, மனைவியைக் கொன்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தண்டித்த குற்றத்தைச் செய்யவில்லை, விசாரிக்காத குற்றத்தைச் செய்திருக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பழிக்கு எதிராக அப்பீல் போட எந்தத் தீர்ப்பும் கிடையாது. 1966 அக்டோபரில் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் பரிந்துரைக்க, எவான்ஸுக்கு அரச மன்னிப்பு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டன் கொலைக்குத் தூக்கை நிறுத்தியிருந்தது. 1969இல் அது நிரந்தரமானது.

ரில்லிங்டன் பிளேஸ் இப்போது இல்லை. தெருவின் பெயரை முதலில் ரஸ்டன் குளோஸ் என்று மாற்றினார்கள். 1970களில் வீடுகளை இடித்துவிட்டுப் புதுக் குடியிருப்பு கட்டினார்கள். வாடகைக்கு மலிவான இடம் என்று எவான்ஸ் வந்து சேர்ந்த நாட்டிங் ஹில் இன்று லண்டனில் விலை அதிகமான பகுதிகளில் ஒன்று.

மேல்முறையீட்டு மன்றமும் பெயர் மாறியது. 1966இல் அப்பீல் நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவு ஆனது. கேள்வியும் மாறியது. இன்றைக்கு அங்கே கேட்பது ஒன்றே ஒன்று: இந்தத் தண்டனையை நம்பி விட்டுவைக்க முடியுமா? புதுச் சாட்சியத்தை மன்றம் கேட்கலாம். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்த பர்மிங்ஹாம் ஆறு பேரின் வழக்கு நாட்டை உலுக்கிய பிறகு 1997இல் குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் வந்தது. எல்லா அப்பீலும் முடிந்துபோன கைதியின் வழக்கைத் தோண்டி எடுத்து விசாரித்து மன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆணையம் அனுப்பி முதலில் ரத்தான வழக்கு, 1952இல் கார்டிஃபில் தூக்கிலிட்ட சோமாலியக் கப்பல் தொழிலாளி மஹ்மூத் மத்தானுடையது. 1998 பிப்ரவரியில் ரத்தானது. அந்த ஜூலையில் டெரிக் பென்ட்லியின் தண்டனையும் ரத்தானது; அவரை 1953இல் தூக்கிலிட்டிருந்தார்கள்.

இன்றைய ஏற்பாடு பழுதில்லாதது என்று சொல்ல மாட்டேன். செய்யாத குற்றத்துக்கு 17 ஆண்டு சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சனின் மனுவை ஆணையம் இரண்டு முறை நிராகரித்தது, 2023இல்தான் விடிவு. 1987இல் கொலைத் தண்டனை பெற்ற பீட்டர் சலிவனின் தீர்ப்பு, டிஎன்ஏ சோதனையால் 2025 மே மாதம் ரத்தானது. 38 ஆண்டு. அவர் வாழ்க்கையை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் தீர்ப்பை அவர் காதால் கேட்டார். 1950இன் சட்டம் இருந்திருந்தால் அதுவும் கிடையாது.

எவான்ஸின் சகோதரிகளும் அந்த ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். 2003இல் உள்துறை அவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. அவர்கள் கேட்டது அதற்கு மேல் ஒன்று: தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும். மன்னிப்பு தண்டனையின் விளைவுகளைத் துடைக்கும். தீர்ப்பை ரத்து செய்யாது. ரத்து செய்ய மன்றத்தால்தான் முடியும் என்று அந்நாட்டு நீதிபதிகளே 1980களில் சொல்லியிருக்கிறார்கள். ஆணையம் வழக்கை அனுப்ப மறுத்தது. மன்னிப்பு கிடைத்தாயிற்று, பணமும் கிடைத்தாயிற்று, இனி ரத்து செய்வதால் யாருக்கும் கையில் ஒன்றும் வராது, செலவுக்கு நியாயம் இல்லை என்றது. 2003இல்தான், தூக்கிலிடப்பட்ட ரூத் எல்லிஸ் என்ற பெண்ணின் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள், இப்படிப் பழைய வழக்குகளுக்கு மன்றத்தின் நேரம் போவதைப் பற்றிக் குறைப்பட்டிருந்தார்கள். சகோதரிகளின் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 2004 நவம்பரில் தீர்ப்பு. எவான்ஸ் மகளையும் கொல்லவில்லை, மனைவியையும் கொல்லவில்லை என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். பிராபின் வைத்துவிட்டுப் போன பழி அன்று நீங்கியது. ஆனால் ஆணையத்தின் முடிவில் தலையிட மறுத்துவிட்டார்கள்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பென்ட்லிக்குக் கிடைத்ததும் மத்தானுக்குக் கிடைத்ததும் எவான்ஸுக்கு ஏன் இல்லை? அவருக்கு முன்னதாகவே, 1966இலேயே மன்னிப்பு வந்துவிட்டது என்பதால். பென்ட்லிக்கு 1993இல் கிடைத்த மன்னிப்பு தூக்குத் தண்டனைக்கு மட்டும். குற்றத் தீர்ப்பு அப்படியே இருந்தது, அதனால் மன்றத்துக்குப் போக வழி இருந்தது. முழு மன்னிப்பு வாங்கியவருக்கு அந்த வழி அடைபட்டது. ஸ்டீபன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறை சொன்ன ஏற்பாடு, இருபத்தோராம் நூற்றாண்டில் எவான்ஸ் குடும்பத்தின் காலில் இடறியது. கையில் என்ன வரும் என்று அந்தச் சகோதரிகள் கேட்கவில்லை. ஒரு நீதிமன்றம் தங்கள் சகோதரனைக் கொலைகாரன் என்று எழுதியது. அதே நீதிமன்றம் அதை அடித்து எழுத வேண்டும் என்றார்கள்.

இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2022 முதல் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்தை முழுசாக ஆராய்ந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. மறுஆய்வு ஆணையம் எந்த அளவுகோலை வைத்து வழக்குகளை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதில் ஒரு கேள்வி. மன்னிப்போ இழப்பீடோ முன்பே கிடைத்துவிட்டது என்பது, தவறான தண்டனையை மன்றத்துக்கு அனுப்ப மறுக்கக் காரணம் ஆகாது என்று அந்தத் திருத்தத்தில் ஒரு பிரிவு வர வேண்டும். எவான்ஸ் வழக்கில் எதிர்த்து வாதாட அரசிடம் ஒன்றும் மிச்சமில்லை. விசாரிக்கச் சாட்சி யாரும் தேவையில்லை. தாள்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பிரிவின் கீழ் முதலாவதாகப் போக வேண்டிய வழக்கு அதுதான்.